அழுகுரலும் கடுமுகமும்

பேய்க்கதை என்றதும் நம்மில் பலர் முகஞ்சுளிப்பர். ஆயினும், பெரியோரையும் சிந்திக்கச் செய்யும் பேய்க்கதைகள் சில உண்டு. 1960ஆம் ஆண்டு நவம்பர் 4ஆம் நாள் அமெரிக்காவின் சி.பி.எஸ். தொலைக்காட்சியில் வந்த ‘தி ஹௌலிங் மேன்’ (ஊளையிடும் மனிதன்) அவற்றுள் ஒன்று. ராட் செர்லிங் உருவாக்கிய ‘தி ட்வைலைட் ஸோன்’ தொடரைச் சேர்ந்த அரைமணி நேரக் கதை இது. எழுதியவர் சார்லஸ் போமாண்ட். இயக்கியவர் டக்ளஸ் ஹேய்ஸ்.

முதல் உலகப்போருக்குப் பிந்திய காலம். நடு ஐரோப்பாவில் கால்நடையாகச் செல்லும் எல்லிங்டன் என்ற அமெரிக்கர், புயலில் வழிதவறி ஒரு துறவு மடத்தை அடைகிறார். அங்கே ஓர் அறையில் அடைபட்ட மனிதன் ஓலமிடுகிறான். குற்றமற்ற தன்னை மடத்துத் தலைவர் அடைத்து வைத்திருப்பதாகப் புலம்புகிறான். தலைவரான சகோதரர் ஜெரோமோ, அவன் மனிதனே அல்லன், அலகை என்கிறார். ஐந்தாண்டுகளாக அவன் அடைபட்டிருப்பதாலேயே உலகில் அமைதி நிலவுகிறது என்கிறார்.

யாரை நம்புவது? ஜெரோமாக நடித்தவர் ஜான் கேரடைன் (1906–1988). ‘பத்துக் கட்டளைகள்’ (1956) திரைப்படத்தில் மோசேயின் அண்ணன் ஆரோனாக வந்தவர். ஆனால் 1944, 1945ஆம் ஆண்டுகளில் வெளிவந்த இரு படங்களில் இரத்தம் குடிக்கும் டிராகுலாவும் அவரே. ஒட்டிய கன்னம், கூர்ந்த பார்வை, அடித்தொண்டையிலிருந்து முழங்கும் குரல், நீண்ட தாடி, கையில் கோல். பார்ப்பவர் நெஞ்சம் நடுங்குகிறது. கைதியாக வரும் ராபின் ஹியூஸின் முகமோ இரக்கத்தைத் தூண்டுகிறது. ஆகவே, எல்லிங்டன் கதவைத் திறப்பதற்கு முன்பே நாம் மனத்தால் திறந்துவிடுகிறோம்!

அக்கதவை அடைத்து நிற்பது ‘சத்தியக் கோல்’ ஒன்றே. கைதியின் கைக்கு எட்டும் தொலைவிலேயே அது இருக்கிறது. அவன் ஏன் தானே அதை அகற்றவில்லை? இந்த ஒரு கேள்விக்கு விடை அறியாமலேயே எல்லிங்டன் கோலை எடுத்துவிடுகிறார். விடுபட்டவன் தூண்களைக் கடந்து நடக்கிறான். ஒவ்வொரு தூணின் மறைவிலிருந்து வெளிப்படும்போதும், ஒப்பனையால் அவன் முகம் மேலும் மாறியிருக்கிறது. முடிவில் அலகை நிற்கிறது. எல்லிங்டன் தம் எஞ்சிய நாள்களை அவனைத் தேடிப் பிடிப்பதிலேயே செலவிடுகிறார். மீண்டும் அடைத்து வைத்தபின், எவ்வளவோ எச்சரித்தும், அவர் வீட்டுப் பணிப்பெண் அந்த ஓலத்துக்கு மனமிரங்கிக் கதவைத் திறந்துவிடுகிறாள்.

எல்லிங்டனின் இரக்கத்தை யாரும் பழிக்க இயலாது. ஆயினும், விசாரித்தறியாத இரக்கம் அநீதிக்குத் துணைபோகக்கூடும். நம் இல்லங்களிலும் ஊரிலும் நடப்பதென்ன? ஒருவர் கண்ணீரோடு கூறுவதைக் கேட்டவுடன், கடுமுகமும் கடுஞ்சொல்லும் உடைய மற்றவரைக் குற்றவாளியாக்கிவிடுகிறோம். மாமியார், மருமகள், ஆசிரியர், அண்டை வீட்டார் என எத்தனை பேருடைய நற்பெயர் இவ்வாறு அழிந்திருக்கிறது! அடுத்த முறை ஓர் அழுகுரல் நம் செவியில் விழும்போது, ஆறுதல் கூறுவோம். ஆனால் தீர்ப்புக் கூறுமுன், மற்றவர் வாயிலுக்கும் சென்று கேட்போம்.