தொலைபேசிக் கம்பியில் வந்த அலுவலகக் கடிதம்

ஸ்ரீரங்கத்தில் அஞ்சல் பெட்டியில் போட்ட கடிதம் திருவெறும்பூர் போய்ச் சேர ஒரு நாளாவது ஆகும். இத்தனைக்கும் இரண்டு ஊர்களுக்கும் இடையே இருபது கிலோமீட்டர் தொலைவு கூட இராது. அதே கடிதம் தொலைபேசிக் கம்பி வழியே போனால் சில விநாடிகள் போதும். வீட்டுக் கணிப்பொறியிலிருந்து அலுவலகத்தின் மின்னஞ்சலை இவ்வாறு பெற 1980களிலும் 1990களிலும் துணை நின்ற கருவிதான் மோடம். அந்தக் கருவி இன்று நம் மேசைகளிலிருந்து மறைந்துவிட்டது. ஆயினும் அதன் அடிப்படைத் தத்துவம் உங்கள் சட்டைப்பையில் உள்ள கைப்பேசியிலும் இயங்கிக்கொண்டிருக்கிறது. அது என்ன என்று காண்போம்.

குரலுக்காகப் போட்ட கம்பி

தொலைபேசி இணைப்பு மனிதக் குரலுக்காக அமைக்கப்பட்டது. பேச்சு தெளிவாகப் புரிவதற்கு 300 ஹெர்ட்ஸ் முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரையிலான அதிர்வெண்கள் போதும். எனவே தொலைபேசி அமைப்பு அந்த எல்லைக்குள் அடங்கிய ஒலியை மட்டுமே ஏற்று அனுப்புகிறது.

கணிப்பொறிக்குத் தெரிந்ததோ 0, 1 என்னும் இரண்டே இலக்கங்கள். மின்னழுத்தம் ஏறினால் ஒன்று, இறங்கினால் மற்றொன்று. இந்த ஏற்ற இறக்கத்தை அப்படியே தொலைபேசி இணைப்பில் செலுத்தினால் மறுமுனையில் அது உருத்தெரியாமல் சிதைந்துவிடும். ஆகவே இலக்கங்களைக் குரலைப் போன்ற ஒலியாக மாற்ற வேண்டும். மறுமுனையில் அந்த ஒலியை மீண்டும் இலக்கங்களாக்க வேண்டும். முதல் வேலைக்குப் பண்பேற்றம் என்று பெயர். இரண்டாவதற்குப் பண்பிறக்கம் என்று பெயர். இந்த இரண்டு சொற்களுக்குமான ஆங்கிலச் சொற்களின் முதற்பகுதிகளைச் சேர்த்து அமைத்த பெயரே ‘மோடம்’.

இலக்கம் ஒலியாகும் விதம்

வி.21 என்ற பழைய உலகத்தர முறையைப் பாருங்கள். அழைக்கும் மோடம் 1 என்று சொல்ல 980 ஹெர்ட்ஸ் ஒலியையும், 0 என்று சொல்ல 1,180 ஹெர்ட்ஸ் ஒலியையும் எழுப்பும். பதில் சொல்லும் மோடம் 1,650, 1,850 ஹெர்ட்ஸ் ஒலிகளைப் பயன்படுத்தும். ஒன்று தாழ்ந்த குரலிலும் மற்றொன்று உயர்ந்த குரலிலும் பேசுவதால், ஒரே கம்பியில் இரண்டும் ஒரே நேரத்தில் பேசலாம், குழப்பம் நேராது.

இம்முறையில் விநாடிக்கு 300 இலக்கங்கள், அதாவது 300 ‘பிட்’கள் செல்லும். ஓர் எழுத்துக்கு 8 பிட்கள்; அதன் தொடக்கத்தையும் முடிவையும் காட்ட மேலும் 2 பிட்கள். ஆக விநாடிக்கு 30 எழுத்துகள். பின்னர் வந்த மோடங்கள் அதிர்வெண்ணோடு நில்லாமல், அலையின் உயரத்தையும் கட்டத்தையும் மாற்றி, ஒவ்வொரு மாற்றத்திலும் பல பிட்களை ஏற்றின. 2,400, 9,600, 28,800 என்று வேகம் வளர்ந்தது இவ்வாறுதான்.

வீட்டிலிருந்து அலுவலகத்துக்கு

நீங்கள் 1990களில் ஸ்ரீரங்கத்தில் குடியிருந்து, திருச்சியில் ஓர் அலுவலகத்தில் பணி செய்வதாக வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்குத் தேவையானவை ஒரு கணிப்பொறி, ஒரு மோடம், ஒரு தொலைபேசி இணைப்பு ஆகிய மூன்றே. அலுவலகத்தில் இன்னொரு மோடம் தனித் தொலைபேசி இணைப்போடு காத்திருக்கும். மணி அடித்ததும் தானே எடுத்துப் பதில் சொல்லும்படி அதை அமைத்திருப்பார்கள்.

உங்கள் கணிப்பொறி மோடத்துக்கு இடும் கட்டளை ‘ஏ.டி.’ என்ற எழுத்துகளில் தொடங்கும். ‘கவனி’ என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லின் முதல் இரண்டு எழுத்துகள் அவை. 1981இல் அமெரிக்காவின் ஹேய்ஸ் நிறுவனம் புகுத்திய இந்த முறையைப் பின்னர் ஏறக்குறைய எல்லா நிறுவனங்களும் பின்பற்றின. புதிய தொலைபேசி நிலையமானால் ‘ஏ.டி.டி.டி.’ என்று தட்டி எண்ணைக் கொடுக்க வேண்டும். எண்கள் ஒலிகளாகச் செல்லும். துடிப்புகளை மட்டுமே அறிந்த பழைய நிலையமானால் ‘ஏ.டி.டி.பி.’ என்று தட்ட வேண்டும். பழைய நிலையத்தில் ‘ஏ.டி.டி.டி.’ என்று கொடுத்தால் இணைப்புக் கிடைக்காது!

மறுமுனை எடுத்ததும் கிறீச்சென்ற ஒலிகள் கேட்கும். அது வெற்று இரைச்சல் அன்று. எந்த வேகத்தில் பேசலாம், கம்பியின் தரம் எப்படி என்று இரண்டு மோடங்களும் ஒன்றையொன்று விசாரித்துக்கொள்ளும் பேச்சு அது. அது முடிந்ததும் அலுவலகக் கணிப்பொறி உங்கள் பெயரையும் கடவுச்சொல்லையும் கேட்கும். சில அலுவலகங்களில் இன்னும் ஒரு காவல் உண்டு. அங்குள்ள மோடம் அழைப்பைத் துண்டித்துவிட்டு, முன்பே பதிவு செய்த உங்கள் வீட்டு எண்ணுக்குத் தானே திரும்ப அழைக்கும். கடவுச்சொல்லைத் திருடியவர் வேறிடத்திலிருந்து நுழைய முடியாது அல்லவா?

ஒவ்வொரு விநாடியும் காசு

அந்நாளில் தொலைபேசியில் நேரத்துக்கு ஏற்பக் கட்டணம் இருந்தது. ஆகவே எப்படி அனுப்புவது என்பதில் ஒரு சிக்கனம் தேவைப்பட்டது. 1,800 எழுத்துகள் கொண்ட ஒரு கடிதத்தைத் தட்டச்சு செய்யப் பத்து நிமிடமாவது ஆகும். விநாடிக்கு 2,400 பிட் வேகத்தில் அதை அனுப்பவோ ஏழரை விநாடி போதும்! எனவே இணைப்பு இல்லாதபோதே கடிதங்களை எழுதிச் சேர்த்து வைத்து, பிறகு அழைத்து, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் அனுப்பி, வந்திருப்பவற்றை வாங்கிக்கொண்டு துண்டித்துவிடுவதே சிறந்த வழி.

வாங்குவதிலும் கவனம் வேண்டும். ‘பாப்’ என்னும் முறையில் கடிதங்கள் வீட்டுக் கணிப்பொறிக்கு வந்ததும் அலுவலகக் கணிப்பொறியிலிருந்து அழிக்கப்படுவது வழக்கம். மறுநாள் அலுவலகத்தில் தேடினால் கிடைக்காது. ஆகவே ‘படியை அங்கேயே விட்டுவை’ என்று முன்கூட்டியே அமைக்க வேண்டும். 1986இல் தோன்றிய ‘ஐமேப்’ முறையில் கடிதங்கள் அலுவலகத்திலேயே இருக்கும். தலைப்பை மட்டும் பார்த்துவிட்டு, வேண்டியதை எடுத்துப் படிக்கலாம். ஒரு லட்சம் எழுத்துகளுக்குச் சமமான ஒரு புகைப்படம் 2,400 பிட் வேகத்தில் வந்து சேர ஏறக்குறைய ஏழு நிமிடம் ஆகும். அதைத் தள்ளிவைக்க முடிவது எவ்வளவு பெரிய வசதி!

உள்ளூர் அழைப்புக்கே இவ்வளவு சிக்கனம் என்றால், வெளியூர் அழைப்புக்கு? இந்தியாவில் கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்களை இணைக்கும் எர்நெட் திட்டம் 1986இல் தொடங்கியது. அடுத்த ஆண்டே பம்பாயின் இரண்டு நிறுவனங்கள் தொலைபேசி இணைப்பு மூலம் மின்னஞ்சல் பரிமாறிக்கொண்டன. பொதுமக்களுக்கான இணையச் சேவையை விதேஷ் சஞ்சார் நிகம் 1995 ஆகஸ்டு 15 அன்று பம்பாய், தில்லி, கல்கத்தா, சென்னை ஆகிய நகரங்களில் தொடங்கியது. அப்போது சென்னையில் இருந்தவருக்கு அது உள்ளூர் அழைப்பு. திருச்சியில் இருந்தவரோ முந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால் எஸ்.டி.டி. அழைப்பு போட வேண்டும். கருவி ஒன்றே, கடிதம் ஒன்றே. ஊரைப் பொறுத்து விலை வேறு! உள்ளூர் அழைப்பிலேயே இணையம் கிடைத்த பிறகுதான் இந்த வேறுபாடு நீங்கியது.

மழையும் பிழையும்

ஐப்பசி மழையில் கம்பி இணைப்புகளில் நீர் புகுந்தால் இரைச்சல் மிகும். பேசும்போது ஒரு ‘கரகர’ ஒலி நமக்குப் பெரிதல்ல, சொல்லை ஊகித்துக்கொள்வோம். மோடத்துக்கு அது 1ஐ 0 ஆக்கிவிடும். சம்பளப் பட்டியலில் ஓர் எண் மாறினால் என்ன ஆகும்?

இதைத் தடுக்க ஒரு சோதனை உண்டு. ‘ஏ’ என்ற ஆங்கில எழுத்தின் குறியீடு 1000001. இதில் இரண்டு 1கள், இரட்டைப்படை. வழியில் ஒரு பிட் மாறினால் 1களின் எண்ணிக்கை ஒற்றைப்படையாகும், பிழை வெளிப்பட்டுவிடும். ஆனால் இரண்டு பிட்கள் மாறினால் இச்சோதனை ஏமாந்துபோகும். எனவே பிற்கால மோடங்கள் செய்தியைச் சிறு கட்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டுக்கும் இதைவிட வலுவான கணக்கு ஒன்றைப் போட்டு, விடையையும் சேர்த்து அனுப்பின. கணக்கு ஒத்துவராவிட்டால் மறுமுனை அந்தக் கட்டைத் திரும்பக் கேட்கும். மழை நாளில் கடிதம் மெதுவாக வரும். ஆனால் சரியாக வரும்.

வேகத்துக்கும் ஓர் எல்லை உண்டு. அதைக் கணிக்கும் வழியை 1948இல் கிளாட் ஷானன் வகுத்தார். 3,100 ஹெர்ட்ஸ் அகலமுள்ள வழியில், குறிப்பலையின் ஆற்றல் இரைச்சலைப்போல் ஆயிரம் மடங்கு இருந்தால், விநாடிக்கு ஏறக்குறைய 31,000 பிட்களுக்கு மேல் பிழையின்றிச் செல்லாது. 1990களின் பிற்பகுதியில் வந்த 56,000 பிட் மோடங்கள் இதை மீறவில்லை. தொலைபேசி நிலையங்கள் இலக்க முறைக்கு மாறியதால் வழியில் இரைச்சல் குறைந்தது; அதைப் பயன்படுத்திக்கொண்டன.

இன்று எஞ்சியிருப்பது

இன்று இணைப்பு எப்போதும் திறந்தே இருக்கிறது. கணிப்பொறி பேசும்போது வீட்டுத் தொலைபேசி முடங்குவதும் இல்லை. ஆனால் கைப்பேசிக்குள் இருக்கும் மோடமும் இலக்கங்களை அலையில் ஏற்றி இறக்கும் அதே வேலையைத்தான் செய்கிறது. கட்டுகளாகப் பிரிப்பதும், சரிபார்ப்பதும், தவறினால் திரும்பக் கேட்பதும் மாறவில்லை. ஷானனின் எல்லையும் மாறவில்லை.

மாணவர்களே, உங்கள் கைப்பேசியில் உள்ள ஒரு படத்தின் அளவைப் பாருங்கள். அதை விநாடிக்கு 300 பிட் மோடத்தில் அனுப்ப எத்தனை மணி நேரம் ஆகும் என்று கணக்கிடுங்கள். விடையைப் பார்த்ததும், குறுகிய கம்பியில் சிக்கனமாக எழுதியவர்களின் திறமை உங்களுக்குப் புரியும்.