முதியோர்க்குக் கற்பிப்போர்க்கும் பயிற்சி வேண்டும்

எழுதப் படிக்கத் தெரிந்த எவரும் முதியோர்க்குக் கற்பித்துவிடலாம் என்று பலர் எண்ணுகின்றனர். இது சரியன்று. பகலெல்லாம் உழைத்துக் களைத்து மாலையில் வரும் தாய்மாரைச் சிறுபிள்ளைகளைப் போல் அதட்டினால், மறுநாள் அவர்கள் வரமாட்டார்கள். கைநாட்டே அவர்களுக்கு நிலைத்துவிடும்.

1978-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் தேசிய முதியோர் கல்வித் திட்டம் தொடங்கியது. கற்பிப்போர்க்குப் பயிற்சியும் நூல்களும் அளிக்க மாநில வள மையங்கள் பணியாற்றின. தமிழகத்து மையம் ஒன்று நம் ஆதம்பாக்கத்திற்குத் தொலைவில் இல்லாத அடையாற்றில் இயங்கியது.

இத்தகைய பயிற்சியின் சாரம் என்ன? ‘அ, ஆ’ என்று தொடங்காமல், கற்போர் வாழ்வில் வழங்கும் சொல்லிலிருந்து தொடங்க வேண்டும். ‘பட்டா’ என்பதை எடுத்துக்கொள்வோம். முதலில் நிலம் யார் பெயரில் உள்ளது என்று உரையாட வேண்டும். பின்பு சொல்லை எழுதிக்காட்டி, ‘ப’, ‘ட்’, ‘டா’ எனப் பிரிக்க வேண்டும். அதன்பின் ‘டப்பா’ போன்ற சொற்களை அவர்களே அமைப்பார்கள். பிரேசில் நாட்டில் 1963-இல் பாலோ பிரெய்ரே என்ற அறிஞரும் இவ்வாறே தொழிலாளர்க்குக் கற்பித்தார்.

புதுக்கோட்டையில் 1991-இல் அறிவொளி இயக்கம் தொடங்கியபோது ஆட்சியராக இருந்தவர் திருமதி ஷீலா ராணி சுங்கத். கருத்தாளர்கள் பயிற்சி பெற்று, ஊர்த் தொண்டர்களுக்குப் பயிற்சி அளித்தனர். பெண்கள் பலர் சைக்கிளும் கற்றனர். பிறர் துணையின்றி மாலை வகுப்பிற்குச் சென்றுவர அது உதவியது. ஆகவே அதுவும் ஆசிரியப் பயிற்சியே எனலாம்.

2022-இல் தொடங்கிய புதிய பாரத எழுத்தறிவுத் திட்டமும் தன்னார்வலர்களையே நம்பியுள்ளது. தோழியரே, நாமும் கற்பிக்க முன்வருவோம். அதற்கு முன், பொறுமையுடன் செவிமடுக்கப் பழகுவோமாக!