தீவகத்தில் உளநெருக்கடியும் குறுங்கால வைத்தியசாலைப் பராமரிப்பும்
அனலைதீவை முன்னிறுத்திய சில சிந்தனைகள்

யாழ்ப்பாணத்துப் பேச்சு வழக்கில் ‘அங்கொடை’ என்பது ஓர் ஊரின் பெயராக வழங்குவதிலும் பார்க்க வசைச்சொல்லாகவே பெரிதும் வழங்கி வந்துள்ளது. சென்னையில் ‘கீழ்ப்பாக்கம்’ அவ்வாறே ஆயிற்று. ஊர்ப்பெயர் வசையாக மாறுவதைச் சொற்பொருள் மாற்றம் என்று மட்டும் கொண்டு அமைந்துவிட முடியாது. ஒரு நிறுவனத்தின் வரலாறு அச்சொல்லினுள் உறைந்து கிடக்கிறது. அங்கே அனுப்பப்பட்டவர் திரும்பி வருவதில்லை என்ற பொதுமக்களின் பட்டறிவே அவ்வசைக்கு வலுவூட்டியது. இக்கட்டுரை பேசப் புகுவது அதற்கு நேர்மாறான ஓர் ஏற்பாட்டினைப் பற்றியாகும். உளநோயோ போதைப் பழக்கமோ முற்றி நெருக்கடி நிலையை அடைந்த ஒருவரைச் சில நாட்களுக்கு, மிஞ்சினால் இரண்டு மூன்று வாரங்களுக்கு, பொது வைத்தியசாலையின் விடுதியொன்றில் வைத்துப் பராமரித்து வீட்டுக்கு அனுப்புதலே அது. இலக்கிய மாணவர் ஒருவர் இதனைப் பற்றி எழுதுவானேன் என வினவுவோர் உளராயின், சமூகத்தின் பேச்சிலே நோய் எவ்வாறு பெயரிடப்படுகிறது என்பதும், அப்பெயரீட்டினால் எவர் சிகிச்சையை இழக்கிறார் என்பதும் எமது துறைக்கும் உரிய வினாக்களே என்பது விடையாகும்.

வரலாற்றைச் சுருங்க நோக்குவோம். இலங்கையில் உளநோயாளர் தொடர்பான சட்டத்தின் மூலம் 1873 ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டமாகும். பிற்காலத்தில், 1956 வரை, அது திருத்தங்கள் பெற்றதெனினும் அதன் மூல நோக்கு காவலே. சித்தசுவாதீனமற்றவரை நீதிமன்றின் முன் நிறுத்தி, விசாரித்து, அடைத்து வைத்தலே அதன் நடைமுறை. 1926 இல் அங்கொடையிலே பெரும் வைத்தியசாலை எழுந்தது. அனலைதீவிலிருந்து ஒருவர் அங்கே செல்வதாயின் ஊர்காவற்றுறைக்குப் படகு, பின்னர் யாழ்ப்பாணம், அங்கிருந்து ஏறக்குறைய 400 கிலோமீற்றர் தூரத்துப் பயணம் எனச் செல்லவேண்டும். மொழியும் வேறு. புகையிலைத் தோட்டத்தில் பட்டைக்கு நீரிறைக்கும் ஒரு குடும்பத்தில் எவர் அவருடன் சென்று தங்குவது? ஆகவே வசதி படைத்தோர் நோயாளியைப் பின்னறையில் மறைத்து வைத்தனர். வசதியற்றோர் கட்டி வைத்தனர், அல்லது அனுப்பி மறந்தனர். நோய் ஒன்றாயினும் அதன் கதி வர்க்கத்துக்கு வர்க்கம் வேறுபட்டது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இந்நிலை மாறுவதற்கு இருவேறு காரணிகள் உதவின. ஒன்று மருந்து. 1952 இல் பாரிஸ் நகரில் குளோர்ப்புரோமசீன் என்னும் மருந்து உளநோய்க்குப் பயன்படத் தொடங்கியதும், மாதக் கணக்கில் தணியாதிருந்த கொந்தளிப்பு நாட் கணக்கில் தணியலாயிற்று. மற்றையது கருத்துநிலை. பிரான்ஸ் பனோன் அல்ஜீரியாவின் பிளீடா வைத்தியசாலையிலும் பின்னர் துனிசிலும் பணியாற்றியபோது, குடியேற்ற ஆட்சிக்கும் உளநோய்க்குமுள்ள தொடர்பை எழுதியதோடு அமையவில்லை. துனிசில் நோயாளர் பகலில் வந்து மாலையில் வீடு திரும்பும் வைத்தியசாலையொன்றையும் நடத்தினார். அவரது எழுத்தை வாசித்த எம்மவர் பலர் அந்த வைத்தியசாலையை மறந்துவிடுகின்றனர். இத்தாலியிலே பிராங்கோ பசாலியா முன்னின்ற இயக்கத்தின் விளைவாக 1978 இல் நிறைவேறிய 180 ஆம் இலக்கச் சட்டம், புதிய நோயாளரைப் பழைய காவலகங்களில் சேர்ப்பதைத் தடுத்து, பொது வைத்தியசாலைகளில் 15 கட்டில்களுக்கு மேற்படாத சிறு விடுதிகளை அமைக்கப் பணித்தது. எமக்கு அண்மையிலே வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் உளநல நிலையத்தில் உறவினர் நோயாளியுடன் தங்கியிருந்து பராமரிக்கும் முறை நெடுங்காலமாக நிலவுகிறது. இலங்கையின் 2005 ஆம் ஆண்டு உளநலக் கொள்கையும் மாவட்டந்தோறும் தீவிர சிகிச்சைக்கான உள்நோயாளர் விடுதி அமையவேண்டுமென வகுத்தது. யாழ்ப்பாணத்தைப் பொறுத்தவரை, போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலும் உளமருத்துவப் பிரிவுகள் உள்ளன. போர்க்காலத்தில் இத்துறையைக் கட்டிக் காத்தவர்களுள் பேராசிரியர் தயா சோமசுந்தரம் முதன்மையானவர். ‘மனவடு’ என்ற சொல் மருத்துவ மாணவருக்கு அப்பாலும் பரவியமைக்கு அவரது நூல் பெரிதும் காரணமாயிற்று.

இவ்விடுதிகள் செய்வது என்ன? நோயைக் குணப்படுத்துகின்றன என்று கூறுவது மிகையாகும். உயிராபத்தைக் கடத்தல், உறக்கத்தை மீட்டல், நெருக்கடிக்கு மூலமாகிய காரணத்தைக் கண்டறிதல், மருந்தைத் தொடங்கி அளவைச் சீராக்கல், குடும்பத்தாருடன் பேசுதல், அடுத்து வரவேண்டிய நாளைக் குறித்துக் கொடுத்தல் என்பனவே அவற்றின் பணிகள். காரணம் கண்டறிதல் சிறு காரியமன்று. மூளைக் காய்ச்சலும், இரத்தத்தில் சீனி குறைதலும், தலையில் பட்ட அடியும் ‘விசர்’ போலத் தோற்றக்கூடும். விசர் நாய்க்கும் மனிதருக்கும் ஒரே சொல்லை வழங்கும் எமது மொழிவழக்கு இவ்வேறுபாடுகளை அறியாது.

மதுவினால் வரும் நெருக்கடியை இங்கு சற்று விரித்துக் கூறுதல் வேண்டும். தீவொன்றிலே அதுவே மிகத் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது எனலாம். பல்லாண்டுகள் நாள்தோறும் மிகுதியாகக் குடித்த ஒருவர் திடீரென நிறுத்துகிறார். பணமின்மை காரணமாகலாம், காற்றுக் கடுமையால் தொழிலுக்குப் போகாமை காரணமாகலாம், காய்ச்சல் காரணமாகலாம், கந்தசட்டி விரதமும் ஐயனார் கோயிற் கொடியேற்றமும் காரணமாகலாம். நிறுத்திய ஆறு மணித்தியாலம் முதல் ஒரு நாளினுள் கைநடுக்கமும் வியர்வையும் பதற்றமும் தோன்றுகின்றன. முதலிரு நாட்களில் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளுக்கும் நான்காம் நாளுக்குமிடையே சிலரிடம் கடுமையான சித்தப்பிரமை எழுகின்றது. சுவரிலே பூச்சிகள் ஊர்வதாகக் காண்பார், இறந்தவருடன் பேசுவார், வீட்டாரை அடையாளம் காணார், உடல் கொதிக்கும். விரதம் தொடங்கிய மூன்றாம் நாள் இரவிலே இது நிகழுமாயின், குடும்பத்தார் அதனைக் குடியோடு தொடர்புபடுத்துவரா? அவர் குடியை விட்டு மூன்று நாளாகிவிட்டதே! முனி பிடித்தது என்றோ தெய்வக் குற்றம் என்றோ கொள்வதே அவர்களது தர்க்கத்துக்கு இயைவது. அதனை மூடநம்பிக்கை என ஒதுக்கிவிடுவது எளிது. ஆயின் காரணத்துக்கும் காரியத்துக்கும் இடையே மூன்று நாள் இடைவெளி உண்டென்பதை அவர்களுக்கு எவர் கூறினார்?

இச்சித்தப்பிரமை சிகிச்சையின்றி விடப்பட்ட காலத்தில் மூவரில் ஒருவர் வரை இறந்ததாக மருத்துவ நூல்கள் கூறும். முறையான சிகிச்சையுடன் அது நூற்றுக்கு ஐந்திலும் குறைந்துவிட்டது. அச்சிகிச்சை அரிய தொழில்நுட்பம் எதனையும் வேண்டி நிற்பதன்று. டயசிப்பாம், குளோர்டயசிப்பொக்சைட்டு ஆகிய பழைய, மலிவான மருந்துகளும், தயமின் என்னும் உயிர்ச்சத்து பி1 ஊசியும், போதிய நீரும், வெளிச்சமுள்ள அமைதியான அறையும், இரவில் விழித்திருக்கும் தாதி ஒருவரும் போதும். ஒரு நுணுக்கம் மட்டும் உண்டு. குடிகாரருக்குக் குளுக்கோசு ஏற்றுமுன் அல்லது அதனோடு தயமின் கொடுக்கப்படல் வேண்டும். அன்றேல் மூளைக்கு நிலையான ஊறு நேரலாம். ‘சேலைன் ஏற்றினால் எல்லாம் சரி’ என்ற எம்மவரின் நம்பிக்கை இவ்விடத்தில் ஆபத்தானது.

அனலைதீவுக்குப் பாலமில்லை, இரவில் ஒழுங்கான படகுச் சேவையும் இல்லை. ஊர்காவற்றுறையை அடைந்தாலும் பண்ணைத் தாம்போதியைக் கடந்தே யாழ்ப்பாணம் சேரலாம். ஆகவே யாழ்ப்பாணத்தில் எத்துணை சிறந்த விடுதி இருப்பினும், மூன்றாம் நாள் இரவை நோயாளி தீவிலேயே கழிக்கிறார். முதலிரவுச் சிகிச்சை தீவின் வைத்தியசாலையிலேயே தொடங்கப்படல் வேண்டும் என்பது எமது துணிபு. அதற்கு உளமருத்துவ நிபுணர் தீவில் குடியிருக்க வேண்டியதில்லை. மேற்கூறிய மருந்துகளும், அவற்றைப் பயன்படுத்தப் பயின்ற ஒருவரும், நிபுணருடன் தொலைபேசித் தொடர்பும் இருப்பின் அமையும். சிறு தீவுகளின் வைத்தியசாலைகளைக் காய்ச்சலுக்கும் காயத்துக்கும் உரியனவாக மட்டும் கருதும் மனப்பாங்கே இதற்குத் தடையாக நிற்பது.

குடியைப் பற்றிப் பேசும்போது எமது சமூகத்தின் ஒழுக்கவாதத்தையும் கணக்கிலெடுத்தல் வேண்டும். மதுவிலக்குப் பேச்சு யாழ்ப்பாணத்தில் நீண்ட வரலாறுடையது. ஆயின் அப்பேச்சின் சினம் பெரும்பாலும் தவறணையின் மீதும், பனையேறிக் கள்ளிறக்கிய ஒடுக்கப்பட்ட சாதியினர் மீதுமே பாய்ந்தது. போத்தற் சாராயத்தின் மீதும், அதன் வரியினால் நிரம்பிய அரச திறைசேரியின் மீதும் அத்துணை சினம் எழவில்லை. கள்ளிறக்குவோர் கூட்டுறவுச் சங்கங்களாக ஒன்றுதிரண்டமை அவர்களது வாழ்வுரிமைப் போராட்டத்தின் ஒரு கட்டமாகும். இவற்றின் மேல் போர் வந்தது. 1985 மே 15 இல் குமுதினிப் படகிற் சென்றோர் கொல்லப்பட்டனர். 1990 இன் பின்னர் தீவக மக்கள் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தனர். பிள்ளைகள் கனடாவிலும் ஐரோப்பாவிலுமாக, பணம் மட்டும் வந்து சேரும் வீட்டில் தனித்திருக்கும் முதியவரின் குடியை ஒழுக்கக் கேடு என்று எங்ஙனம் விளக்குவது?

அண்மைக் காலத்தில் வடபகுதி இளைஞரிடையே ஹெரோயினும் ‘ஐஸ்’ எனப்படும் மெத்தம்பெற்றமைனும் பரவியுள்ளன. இவற்றின் நெருக்கடி வேறு தன்மையது. ஹெரோயினை நிறுத்தும்போது வேதனை மிகுதியெனினும் உயிராபத்து அரிது. மாறாக, சில நாள் விடுதியிலிருந்து வெளிவந்தபின் பழைய அளவையே எடுப்பவர் இறக்கும் ஆபத்துப் பெரிது, ஏனெனில் உடலின் தாங்குதிறன் குறைந்துவிட்டிருக்கும். ‘ஐஸ்’ ஏற்படுத்தும் சந்தேகமும் குரல் கேட்டலும் பெரும்பாலும் நாட்களிலோ வாரங்களிலோ தணிபவை. இதனை அறியாது வாழ்நாள் நோயாளி என முத்திரை குத்துதல் தகாது.

தற்கொலை முயற்சியின் பின் வருபவர்கள் பிறிதொரு சாரார். 1995 அளவில் இலங்கையில் இலட்சத்துக்கு 47 பேர் தற்கொலையால் இறந்தனர். மிகு நச்சுத்தன்மை கொண்ட பூச்சிகொல்லிகள் தடைசெய்யப்பட்ட பின் அடுத்த பத்தாண்டுகளில் இவ்வீதம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. முயற்சியைக் குற்றமாகக் கொண்ட சட்டப்பிரிவு 1998 இல் நீக்கப்பட்டது. ஆயினும் உடல் தேறியதும், எவரும் அமர்ந்து பேசாமலே நோயாளியை அனுப்பிவிடும் நிலை உண்டு. பேசவேண்டிய நாட்கள் அவையே. யாழ்ப்பாணத்தில் இப்பேச்சுக்கு ‘சீர்மியம்’ என்றும் ‘ஆற்றுப்படுத்தல்’ என்றும் பெயரிட்டனர். சங்கப் பாணனை வள்ளலிடம் வழிப்படுத்திய சொல் இவ்வாறு விடுதிக்குள் நுழைந்தமை, எமது காலத்துக் கலைச்சொல்லாக்கங்களுள் சிறப்பாகக் குறிப்பிடத்தக்கது.

குறுங்காலப் பராமரிப்பைப் புகழ்வோர் அதன் மறுபக்கத்தையும் மறைத்தலாகாது. ஐக்கிய அமெரிக்காவில் 1963 ஆம் ஆண்டுச் சட்டத்தைத் தொடர்ந்து பெருங் காவலகங்கள் வெறிதாகின. வாக்களிக்கப்பட்ட சமூக நிலையங்களோ போதிய அளவில் எழவில்லை. நோயாளர் பலர் தெருவையும் சிறையையும் அடைந்தனர். தமிழகத்தின் ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 இல் சங்கிலியிற் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் தீயிற் கருகியதும், குடும்பங்களுக்கு வேறு புகலிடம் இல்லாதிருந்தமையின் விளைவேயாகும். கட்டில் நாட்களைக் குறைத்துச் செலவை மிச்சப்படுத்துவதும், நோயாளியின் நலனுக்காக விரைவில் வீடனுப்புவதும் புறத்தோற்றத்தில் ஒன்றே. பின்தொடர்தல் உண்டா இல்லையா என்பதைக் கொண்டே வேறுபாட்டினை அறியலாம்.

அனலைதீவு நோயாளிக்குப் பின்தொடர்தல் என்பது மாதமொருமுறை போடும் ஊசியும், ‘கிளினிக்’ அட்டையில் எழுதப்பட்ட திகதியுமாகும். அத்திகதியில் அவர் காலைப் படகைப் பிடிக்கவேண்டும். உடன்வருபவர் ஒரு நாட் கூலியை இழக்கவேண்டும். மாலைப் படகுக்கு முன் மருந்து கைக்கு வரவேண்டும். 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயர்ந்தபோது, கடலோடிகளின் தொழிலோடு இத்தகைய பயணங்களும் நெருக்குண்டன. திகதியைக் குறிப்பவர் படகு நேர அட்டையையும் அருகில் வைத்துக்கொள்ளலாம். அல்லது மருத்துவக் குழுவே மாதமொருநாள் தீவுக்குப் படகேறலாம். ஒரு பயணச் செலவில் இருபது பேரின் பயணம் மிஞ்சும்.