டெசிபெல் அளவீட்டில் ஏ-எடையும் சி-எடையும்

ஏ-எடை, சி-எடை என்பவை ஒலியை டெசிபெல் அலகில் அளக்கும்போது கையாளப்படும் இரண்டு திருத்த முறைகள் ஆகும். ஒரே ஒலிக்கு இவை வெவ்வேறு எண்களைத் தரக்கூடும். விருதுநகர் மாவட்டத்தின் சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரங்களில் தயாராகும் வெடிகளுக்கான ஒலி வரம்பு இவ்விரு முறைகளிலும் வரையறுக்கப்பட்டுள்ளது. வீட்டில் சப்வூஃபரின் ஒலியைச் சரியாக அமைக்கவும் இந்த வேறுபாடு தெரிந்திருக்க வேண்டும்.

வேறுபாடு

மனிதக் காது எல்லா அதிர்வெண்களையும் ஒரே கூர்மையுடன் கேட்பதில்லை. 1,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலி எளிதில் கேட்கும். அதிர்வெண் மிகவும் தாழ்ந்தால், அதே அழுத்தமுள்ள ஒலியும் மெலிதாகவே கேட்கும். ஏ-எடை இதைப் பின்பற்றித் தாழ்ந்த ஒலிகளைக் குறைத்துக் கணக்கிடுகிறது. குறைக்கப்படும் அளவு 125 ஹெர்ட்ஸில் சுமார் 16 டெசிபெல், 63 ஹெர்ட்ஸில் 26, 31.5 ஹெர்ட்ஸில் 39. சி-எடையில் இது 63 ஹெர்ட்ஸில் 1 டெசிபெலுக்கும் குறைவு, 31.5 ஹெர்ட்ஸில் 3 டெசிபெல் மட்டுமே. ஆகவே 'எத்தனை டெசிபெல்' என்பதுடன் எந்த எடை, எவ்வளவு தொலைவு என்பதையும் சேர்த்தே கூற வேண்டும்.

வெடிகளுக்கான வரம்பு

சுற்றுச்சூழல் (பாதுகாப்பு) விதிகளின் கீழ் 1999 அக்டோபரில் இந்த வரம்பு அறிவிக்கப்பட்டது. வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டர் தொலைவில் 125 டெசிபெல் (ஏஐ) அல்லது 145 டெசிபெல் (சி) உச்சம் என்ற அளவைத் தாண்டும் வெடிகளைத் தயாரிப்பதும் விற்பதும் வெடிப்பதும் தடைசெய்யப்பட்டுள்ளன. 'ஐ' என்பது திடீரென எழுந்து அடங்கும் ஒலிக்கான அளவீட்டைக் குறிக்கும். 'உச்சம்' என்பது அழுத்தம் எட்டும் மிக உயர்ந்த புள்ளி. இரண்டும் வெவ்வேறு அளவுகோல்கள் என்பதால், 145 என்பதை 20 டெசிபெல் சலுகையாகக் கொள்ளக்கூடாது.

சரவெடியில் உள்ள ஒவ்வொரு வெடிக்கும் வரம்பு மேலும் குறையும். 100 வெடிகள் கொண்ட சரத்தில் 10 டெசிபெலும், 1,000 வெடிகள் கொண்ட சரத்தில் 15 டெசிபெலும் கழிக்கப்படும். 2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் சரவெடிகளையே தடைசெய்தது.

சோதனைக்குக் குறைந்தது 5 மீட்டர் விட்டமுள்ள கான்கிரீட் தளம் வேண்டும். வெடிக்கும் இடத்தைச் சுற்றி 15 மீட்டருக்குள் ஒலியை எதிரொலிக்கும் சுவர் எதுவும் இருக்கக்கூடாது. வெட்டவெளியில் தொலைவு இரட்டிக்கும்போது ஒலி சுமார் 6 டெசிபெல் குறையும். 4 மீட்டரில் 125 என்றால் 16 மீட்டரில் ஏறத்தாழ 113 ஆகும். வீடுகள் நெருங்கிய தெருவில் எதிரொலி சேர்வதால் இவ்வளவு குறைவதில்லை.

விதிக்கு உட்பட்ட வெடி காதுக்குத் தீங்கற்றது என்று பொருளல்ல. திடீர் ஒலிகளின் உச்ச அழுத்தம் பெரியவர்களுக்கு 140, குழந்தைகளுக்கு 120 டெசிபெலைத் தாண்டக்கூடாது என்பது உலக சுகாதார அமைப்பின் 1999ஆம் ஆண்டு வழிகாட்டுதல். இந்திய வரம்பின் உச்ச அளவான 145 இரண்டையும் விட அதிகம். எனவே திரியைப் பற்றவைத்ததும் 4 மீட்டருக்கு அப்பாலும் நன்றாக விலகி நிற்பதும், குழந்தைகளை இன்னும் தள்ளி நிறுத்துவதும் அவசியம்.

வீட்டில் சப்வூஃபர்

சோதனைத் தளத்துக்கு நேர்மாறானது வீட்டு அறை. இங்கே நான்கு பக்கமும் சுவர்கள். 12 அடி நீளமுள்ள அறையில் சுமார் 47 ஹெர்ட்ஸில் நிலையலை உருவாகும். அதனால் அதே ஒலி சுவரோரத்தில் பலமாகவும் அறையின் நடுவில் மெலிதாகவும் கேட்கும். பெட்டியை மூலையில் வைத்தால் தாழ்ந்த ஒலி கூடும். எனவே அளவீட்டை வழக்கமாக உட்காரும் இடத்தில், காது உயரத்தில் செய்ய வேண்டும்.

முதலில் பிரிப்பு அதிர்வெண்ணை 80 ஹெர்ட்ஸில் வைக்கலாம். பிறகு ரிசீவரின் சோதனை ஒலியை ஒலிக்கவிட்டு, ஒலிமானியைச் சி-எடையிலும் மெதுவான நிலையிலும் வைத்து, ஒவ்வொரு ஸ்பீக்கரையும் 75 டெசிபெலுக்குக் கொண்டுவர வேண்டும். சப்வூஃபருக்கும் அதே அளவே. ஏ-எடையில் வைத்து 75 வரும்வரை கூட்டினால், உண்மையில் சப்வூஃபர் 20 டெசிபெலுக்கும் மேல் அதிகமாக ஒலிக்கும். கைப்பேசி மைக்குகள் பல தாழ்ந்த ஒலியைச் சரியாகப் பதிவதில்லை என்பதால் செயலி காட்டும் எண்ணை முழுமையாக நம்பக்கூடாது.

திரைப்பட ஒலித்தடத்தில் தாழ்ந்த ஒலிக்கென்று தனித் தடம் உண்டு. மற்ற தடங்களைவிட 10 டெசிபெல் கூடுதலாக ஒலிக்கும்படியே அது அமைக்கப்பட்டுள்ளது. இரண்டு தட இசைப்பதிவில் அத்தகைய தடம் இல்லை. படத்தின் வெடிச்சத்தத்துக்காக சப்வூஃபரைக் கூட்டினால், பாடலில் தவில், மிருதங்கம் ஆகியவற்றின் தொப்பி ஒலி பிற ஒலிகளை அமுக்கிவிடும். அளந்து வைத்த நிலையை இசைக்கு அடிப்படையாகக் கொண்டு, படத்துக்குத் தேவையெனில் 2 அல்லது 3 டெசிபெல் மட்டும் கூட்டலாம்.

அக்கம்பக்கம்

2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவு 10 முதல் காலை 6 வரை 45 டெசிபெல் (ஏ) என வரம்பு வகுத்துள்ளன. இவை ஏ-எடையில் அமைந்தவை என்பதால், பக்கத்து வீட்டு ஜன்னலை அதிரவைக்கும் தாழ்ந்த ஒலிகூட ஒலிமானியில் சிறிய எண்ணாகவே தெரியும். மானி வரம்புக்குள் காட்டினாலும், இரவில் சப்வூஃபரைக் குறைத்து வைப்பதே பக்கத்து வீட்டாரின் உறக்கத்துக்குப் பாதுகாப்பு.