நிலத்தோடு இலக்கியம் கற்றல்



திருவண்ணாமலைக்கு மேற்கே ஏறத்தாழ 35 கிலோமீட்டர் தொலைவில் செங்கம் என்னும் ஊர் உள்ளது. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய மலைபடுகடாம் கூறும் செங்கண்மா இதுவேயாகும். 583 அடிகளாலான அப்பாட்டை இயற்றியவர் பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார். பாட்டுடைத் தலைவன் நன்னன். நன்னனிடம் பரிசில் பெற்று மீளும் கூத்தன், வறுமையுற்ற மற்றொரு கூத்தனுக்கு வழி கூறுவதாக அஃது அமைந்துள்ளது. பாட்டில் வரும் சேயாறு, செய்யாறு என்னும் பெயரோடு இன்றும் செங்கத்தை ஒட்டிச் செல்கின்றது. நவிரமலை என்பது பர்வதமலையே என்பர் அறிஞர்.

இத்துணை அருகில் நிலம் இருந்தும், நான் இப்பாட்டை எவ்வாறு கற்பித்தேன்? முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள் எனக் கரும்பலகையில் அட்டவணை வரைந்தேன். மாணவர் மனப்பாடம் செய்தனர், தேர்வில் எழுதினர், மறந்தனர். பிழை என்னுடையதே.

ஒருநாள், தினைப்புனங் காப்போர் எறியும் கவண்கல்லைப் பற்றிய பகுதிக்குப் பொருள் கூறிக்கொண்டிருந்தேன். சவ்வாது மலையிலிருந்து வந்து பயின்ற மாணவன் ஒருவன் எழுந்தான். "என் பாட்டனாரோடு கொல்லைக் காவலுக்குப் போயிருக்கிறேன், ஐயா. கவண்கல் பறக்கும்போது மரத்தின் பின்னே ஒதுங்கிக்கொள்ள வேண்டும்" என்றான். பாட்டில் கூத்தன் கூறும் அறிவுரையும் அதுவே! அந்த அடியை அவன் அதுவரை படித்ததில்லை. அன்று நான் மாணவனானேன்.

அதன்பின் மாணவரை மலையடிவாரத்திற்கு அழைத்துச் சென்று, கேட்கும் ஓசைகளை எழுதச் சொன்னேன். மலையில் எழும் பல்வகை ஓசைகளை யானையின் மதமாக உருவகித்தமையால் அன்றோ இப்பாட்டு இப்பெயர் பெற்றது? அருவியின் ஒலி, யானையின் பிளிறல், கரும்பாலையின் ஓசை, தினை குற்றும் மகளிரின் வள்ளைப்பாட்டு ஆகியன அதில் உள்ளன. மாணவர் ஏட்டில் பறவையொலியும் பேருந்தின் ஒலியும் இருந்தன, வள்ளைப்பாட்டு இல்லை. இரு பட்டியல்களையும் அருகருகே வைத்தபோது, நிலம் மாறிய வரலாறு அவர்களுக்கு விளங்கிற்று.

இலக்கியத்தைச் சூழலோடு பொருத்தி ஆராயும் முறைக்கு மேலைநாட்டில் 1978இல் வில்லியம் ரூக்கர்ட் என்பார் ஒரு பெயர் தந்தார். நிலமும் பொழுதும் முதற்பொருள் என்று தொல்காப்பியம் வகுத்தது அதற்குப் பல நூற்றாண்டு முன்னர். எனினும் ஓர் எச்சரிக்கை வேண்டும். திணை என்பது புலவர் வகுத்துக்கொண்ட மரபு. மலைபடுகடாம் மன்னனைப் புகழும் பாட்டு. அதனை வனத்துறைப் பதிவேடாகக் கொள்ளலாகாது. பாட்டு எதனைக் கூறுகின்றது, எதனை விடுத்தது, ஏன் என்று வினவுதல் வேண்டும்.

ஒரு காலத்தில் மரமற்று வறண்டிருந்த அண்ணாமலைச் சரிவுகளில் தொண்டர்கள் பல்லாண்டுகளாக மரம் நட்டுவருகின்றனர். காட்டுத்தீயைத் தடுக்கவும் முயல்கின்றனர். அதுவும் இலக்கியத்தைக் காக்கும் பணியே என்பேன். மலையின் ஓசைகள் ஒவ்வொன்றாய் அடங்கிவிடின், அவற்றைக் குறிக்கும் சொற்கள் அகராதியில் மட்டுமே எஞ்சும். அடுத்த விடுமுறையில் நூலைக் கையிலேந்தி ஒரு மலையடிவாரத்திற்குச் செல்லுங்கள். சிறிது நேரம் பேசாது செவிகொடுங்கள்.