மண்டகள்ளி – மீனம்பாக்கம்: 390 கிலோமீட்டர், எத்தனை மணி?

சென்னையிலிருந்து துக்கச் செய்தி வந்தால் மண்டி மொஹல்லாவில் நம்மவர் முதலில் கேட்பது, "எப்போது எடுக்கிறார்கள்?" அடுத்த கேள்வி, "ஃபிளைட் இருக்கிறதா?" இந்த இரண்டாவது கேள்விக்குக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும்.

நம் மண்டகள்ளி விமான நிலையத்துக்கும் சென்னை மீனம்பாக்கத்துக்கும் வான்வழியே சுமார் 390 கிலோமீட்டர். பெங்களூர் வழியாகப் போகும் ரயிலுக்கு அதுவே சுமார் 500. மண்டகள்ளி ஓடுபாதையின் நீளம் 1,740 மீட்டர்தான் என்பதால், இங்கே வழக்கமாக வருவது ஏ.டி.ஆர். 72 போன்ற விசிறி விமானம். மணிக்கு 500 கிலோமீட்டர் வேகம் என்றால் முக்கால் மணியில் போய்விடலாமே என்று தோன்றும். ஓடுபாதைக்கு நகர்வது, மேலே ஏறுவது, சென்னையில் இறங்க முறைக்குக் காத்திருப்பது எல்லாம் சேர்த்து அட்டவணையில் ஒன்றேகால், ஒன்றரை மணி போடுகிறார்கள்.

அந்த ஒன்றரை மணியை மட்டும் நம்பக்கூடாது. வீட்டிலிருந்து மண்டகள்ளிக்கு அரை மணிக்கு மேல் ஆகும். கவுன்டரை ஒரு மணி நேரம் முன்பே மூடிவிடுவார்கள். சென்னையில் பெட்டியை எடுத்துக்கொண்டு மயிலாப்பூரோ பெரம்பூரோ போய்ச் சேர இன்னொரு மணி. ஆக, வாசலுக்கு வாசல் ஐந்து மணி. 2022 நவம்பரில் தொடங்கிய வந்தே பாரத் ரயில் ஆறரை மணிக்குள் சென்னை சென்ட்ரலில் இறக்கிவிடுகிறது.

இதைவிடப் பெரிய கணக்கு, அடுத்த வண்டி எப்போது என்பது. சாயங்காலம் ஏழு மணிக்குச் செய்தி வந்தால், மறுநாள் விமானத்துக்காக ராத்திரி முழுதும் வீட்டில் உட்கார்ந்து அழுவதைவிட, அன்றிரவே காவேரி எக்ஸ்பிரஸில் ஏறிவிடுவது மேல். விடிந்ததும் சென்னையில் இருக்கலாம். காலையில் செய்தி வந்து, அன்றைக்கே விமானமும் இருந்து, இடமும் கிடைத்தால் மட்டுமே விமானம் ஜெயிக்கும்.

"அன்றைக்கே இருந்து" என்று சொல்லக் காரணம் உண்டு. 2010 அக்டோபரில் பெங்களூருக்குக் கிங்ஃபிஷர் வந்தது; அடுத்த ஆண்டே நின்றது. 2013-ல் ஸ்பைஸ்ஜெட் வந்தது. 2014-ல் அதுவும் போயிற்று. 2017 செப்டம்பரில் உடான் திட்டத்தில் சென்னைக்கு ட்ரூஜெட் பறந்தது. அந்த நிறுவனமே இப்போது இல்லை. போன தடவை போன விமானம் இந்தத் தடவையும் இருக்கும் என்று நினைக்காமல், விசாரித்துவிட்டுப் பெட்டி கட்டுங்கள்.

துக்கம் நம் வீட்டிலேயே நேர்ந்து, பிள்ளை சிங்கப்பூரிலிருந்து வருவதானால் கணக்கு வேறு. அங்கிருந்து பெங்களூர் தேவனஹள்ளிக்குச் சுமார் 3,180 கிலோமீட்டர். நாலரை மணிப் பிரயாணம். தேவனஹள்ளியிலிருந்து மண்டி மொஹல்லா 180 கிலோமீட்டர்தான். அதற்கும் நான்கு மணி! போதாததற்குச் சிங்கப்பூர் கடிகாரம் நமக்கு இரண்டரை மணி முன்னால் ஓடுகிறது. டிக்கெட்டில் இரவு 8-க்குக் கிளம்பி 10-க்கு இறங்குவதாக இருக்கும். இரண்டே மணி என்று வீட்டில் நினைத்துவிடுவார்கள். குடியேற்றச் சோதனை முடிந்து, காரில் வந்து, வாசலில் நிற்கும்போது விடியற்காலை மூன்று மணி தாண்டியிருக்கும். அதைப் பெரியவர்களிடம் சொல்லிவிட்டுத்தான் எடுக்கும் நேரத்தைக் குறிக்க வேண்டும்.