தொழிற்பேட்டையில் ஒரு தேர்

போன மாதம் எங்கள் ஆபீஸில் ஒரு தம்பி ரெண்டு வருஷ ப்ராஜெக்டுக்காக டூசல்டார்ஃப் கிளம்பினார். மனைவி, மூன்று வயசுப் பையன், கைக்குழந்தை என்று குடும்பத்தோடு போகிறார். "அண்ணா, ஞாயித்துக்கிழமை அங்க கடையே திறக்காதாமே, குழந்தைங்கள வெச்சுக்கிட்டு என்னதான் பண்றது?" என்று கேட்டார். ரைன் நதிக்கரை, மிருகக்காட்சிசாலை என்று எல்லாரும் சொல்வதைச் சொல்லிவிட்டு, "வருஷத்துல ரெண்டு ஊர்வலம் வரும், அதை மட்டும் விட்டுடாதீங்க" என்றேன். ஒன்று பிப்ரவரி, மார்ச் வாக்கில் ஜெர்மானியர்கள் நடத்துவது. இன்னொன்று மே, ஜூன் வாக்கில் ஈழத்தமிழர்கள் நடத்துவது. ஏன் அந்த ரெண்டும் என்று அவருக்கு விளக்கி எழுதியது நீண்டுபோய் இந்தப் பதிவாகிவிட்டது.

பை இல்லாமல் போனவர்கள்

நாங்களும் அப்படிப் போனவர்கள்தான். அப்போது என் மகளுக்கு நான்கு வயசு. டூசல்டார்ஃப் பக்கத்தில் ஒரு சின்ன ஊரில் குடியிருந்தோம். ஊர்வலம் இருக்கிறது என்று மட்டும் பக்கத்து வீட்டில் சொல்லியிருந்தார்கள். நாங்களும் ஸ்வெட்டர், ஜாக்கெட் எல்லாம் மாட்டிக்கொண்டு தெருமுனையில் போய் நின்றோம்.

அது ரைன் பகுதியின் கார்னிவல். நவம்பர் 11-ஆம் தேதி காலை 11:11 மணிக்கு அதற்கான பருவத்தைத் தொடங்கி வைப்பார்கள். உச்சம் என்னவோ ஈஸ்டருக்கு 48 நாள் முன்னால் வரும் திங்கட்கிழமைதான். அதற்கு ரோஸன்மோன்டாக் என்று பேர். அதற்குப் பின் வரும் புதன்கிழமை சாம்பல் புதன், அன்றிலிருந்து தவக்காலம். விரதத்துக்கு முன்னால் கொண்டாடித் தீர்த்துவிடுவது என்பதுதான் அடிப்படை. பழைய வழக்கம்தான், ஆனால் கமிட்டி போட்டு, ஊர்வலமாக ஒழுங்குபடுத்தியது 1823-இல், கொலோன் நகரத்தில். பெரிய நகரங்களின் ஊர்வலத்தை டிவியில் காட்டுவார்கள். சின்ன ஊர்களில் டிராக்டர்தான் வண்டியை இழுக்கும். கால்பந்து சங்கம், தீயணைப்புத் தொண்டர்கள் என்று ஆளுக்கொரு வண்டி ஜோடித்துக்கொண்டு வருவார்கள்.

வண்டி மேலிருந்து மிட்டாயை அள்ளி வீசுவார்கள். கேரமல் என்ற சொல்லிலிருந்து வந்த 'கமெல்லே' என்பதுதான் அந்த மிட்டாய்க்குப் பேர். அதையே கத்தவும் வேண்டும். கத்தினால்தான் நம் பக்கம் விழும். சுற்றி இருந்த குழந்தைகள் எல்லாம் வேஷம் கட்டி, துணிப்பையோடு வந்திருந்தார்கள். சிலர் குடையைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். எங்களிடம் பையும் இல்லை, வேஷமும் இல்லை, என்ன கத்துவது என்றும் தெரியவில்லை. மகள் என் காலைக் கட்டிக்கொண்டு நின்றாள். ஐந்தாறு வண்டிகள் அப்படியே போய்விட்டன.

பக்கத்தில் நின்ற ஒரு பெரியவர் அவள் கம்பளித் தொப்பியைக் கழற்றி, கவிழ்த்து, கையில் கொடுத்தார். பிறகு தானே "ஹெலாவ்!" என்று ஒரு சத்தம் போட்டுக் காட்டினார். அந்தப் பகுதியின் கார்னிவல் வாழ்த்து அது. கொலோனில் போய் இதைச் சொன்னால் முறைப்பார்கள், அங்கே 'அலாஃப்'. மகளும் ஒரு ஹெலாவ் போட்டாள். தொப்பி நிறைய மிட்டாய். அடுத்த வண்டியிலிருந்து அவளை இழுத்துப் பிடிப்பதே பெரிய வேலையாகிவிட்டது. (வண்டிச் சக்கரத்துக்குப் பக்கத்தில் குழந்தைகள் போய்விடாமல் பார்த்துக்கொள்ளவே ஒவ்வொரு சக்கரத்தோடும் ஆள் நடந்து வருவார்கள். நம்ம ஊர்ப் பெரிய தேர்களில் முட்டுக்கட்டை போடுகிறவர்கள் நினைவுக்கு வந்தார்கள்.)

வேடிக்கை பார்க்கிற வரை அது அவர்கள் ஊர்வலம். ஒரு வேலை கையில் கிடைத்ததும் எங்களுடையதும் ஆயிற்று. அன்று எனக்குப் புரிந்தது அவ்வளவுதான். மீதி ஹம் போன பிறகுதான் புரிந்தது.

ஹம் என்கிற ஊர்

டூசல்டார்ஃபிலிருந்து கிழக்கே, ரூர் பகுதியைத் தாண்டினால் ஹம். பெர்லின் போகிற ஐசிஇ ரயில்களை இணைக்கவும் பிரிக்கவும் செய்கிற சந்திப்பு நிலையம் என்றுதான் பலருக்கும் இந்த ஊரைத் தெரியும். நம்ம ஊர் அரக்கோணம், விழுப்புரம் மாதிரி. இதன் ஓரத்தில், யூன்ட்ராப் என்ற பகுதியின் தொழிற்பேட்டைக்குள், 17 மீட்டர் உயர ராஜகோபுரத்தோடு ஸ்ரீ காமாட்சி அம்பாள் கோயில் நிற்கிறது. 2002 ஜூலை 7-ஆம் தேதி கும்பாபிஷேகம் ஆனது.

சரி, இங்கே எப்படி? இதற்கு இரண்டு விடை உண்டு.

முதலாவது, அகதிச் சட்டம். 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு ஈழத்தமிழர்கள் ஜெர்மனிக்கு வரத் தொடங்கினார்கள். பலர் கிழக்கு பெர்லினில் விமானம் இறங்கி, அங்கிருந்து நகர ரயிலில் மேற்கு பெர்லினுக்குப் போனவர்கள். தஞ்சம் கேட்டவர்களை ஒரே நகரத்தில் சேரவிடாமல், மாநிலவாரியாகப் பங்கு போட்டுச் சின்னச் சின்ன ஊர்களுக்கு அனுப்பியது அரசு. வழக்கு முடியும்வரை அனுமதியில்லாமல் தங்கள் எல்லையைத் தாண்டவும் கூடாது. லண்டன், டொரோண்டோ மாதிரி ஜெர்மனியில் ஒரு 'தமிழ்ப் பேட்டை' உருவாகாமல் போனதற்கு இது ஒரு முக்கியக் காரணம். எல்லாரும் சிதறிக் கிடந்தால், கோயில் இருக்க வேண்டிய இடம் எல்லாரும் வந்து சேரக்கூடிய இடம். ஹம் ரயில் சந்திப்பு மட்டுமில்லை, ஏ1, ஏ2 என்ற இரண்டு பெரிய நெடுஞ்சாலைகள் வெட்டிக்கொள்வதும் அதன் பக்கத்தில்தான். அதற்காகத் திட்டம் போட்டு ஹம்மைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று சொல்ல வரவில்லை. 1985-இல் வந்த பாஸ்கரக்குருக்கள் அந்த ஊரில் தங்கினார், 1989-இல் ஒரு கட்டடத்தின் நிலவறையில் சின்னதாகக் கோயில் தொடங்கினார், அவ்வளவுதான். அது வளர்ந்ததற்கு ரயிலும் ரோடும் உதவின.

இரண்டாவது விடைதான் சுவாரசியம்: தேர்.

தெரு யாருடையது?

நிலவறைக்குள் பூஜை நடக்கிறவரை யாருக்கும் பிரச்சினை இல்லை. 1993-இல் முதல்முறையாக அம்பாள் வெளிவீதி வந்தாள். முதலில் சில நூறு பேர். சில வருஷத்தில் ஆயிரக்கணக்கில் கூட்டம். குடியிருப்புத் தெரு. கார் நிறுத்த இடமில்லை, மேளச் சத்தம், நெரிசல். அக்கம்பக்கத்தார் புகார் கொடுத்தார்கள். நகராட்சி தலையிட்டது.

இந்த இடத்தில் இரண்டு வழி இருந்தது. ஊர்வலத்தைக் கைவிட்டுவிட்டு உள்ளேயே கும்பிடலாம். இல்லாவிட்டால் வேறு தெருவைத் தேடலாம். அவர்கள் இரண்டாவதை எடுத்தார்கள். குடியிருப்பு இல்லாத, ஞாயிற்றுக்கிழமை ஆளரவமே இல்லாத தொழிற்பேட்டையில் இடம் அமைந்தது. ஹம்மைச் சேர்ந்த கட்டடக்கலைஞர் ஹைன்ஸ்-ரைனர் ஐக்ஹார்ஸ்ட் வரைபடம் போட்டார். தென்னிந்தியாவிலிருந்து சிற்பிகள் வந்து கோபுர வேலை செய்தார்கள். 2000-இல் தொடங்கிய வேலை இரண்டே வருஷத்தில் முடிந்தது.

கூடவே இன்னொரு வசதி, கோயிலிலிருந்து நடக்கிற தூரத்தில் டாட்டெல்ன்-ஹம் கால்வாய். 47 கிலோமீட்டர் நீளம், 1914-இல் சரக்குப் படகுகளுக்காகத் திறந்தது. தேர் முடிந்தால் தீர்த்தம் ஆட வேண்டுமே, அதற்குக் கடலும் கேணியும் இல்லாத ஊரில் நிலக்கரி போன கால்வாய்தான் தீர்த்தம். முதலில் கேட்டபோது சிரித்தேன். அப்புறம் எங்கள் பொழிச்சலூரை ஒட்டி ஓடுகிற அடையாற்றை நினைத்துக்கொண்டேன். சிரிப்பு நின்றுவிட்டது.

தேரன்று

ஞாயிற்றுக்கிழமை காலை ரயிலிலேயே கூட்டம் தெரியும். பட்டுப்புடவை, வேட்டி, கையில் தேங்காய்ப் பை. பாரிஸ், ஸூரிக் என்று வேறு நாட்டிலிருந்தும் பஸ் பிடித்து வருகிறார்கள். தொழிற்பேட்டை ரோடு முழுக்கக் கடைகள். புடவை, நகை, தமிழ்ப் பாட்டு சிடி, தோசை, ரோல்ஸ். நாதஸ்வரமும் தவிலும் முன்னால் போக, காவடிகள், கற்பூரச் சட்டி ஏந்திய பெண்கள், தார் ரோட்டில் உருண்டு வருகிற பிரதட்டைக்காரர்கள், அதன் பின்னால் தேர். ரோட்டை மூடி, ஒழுங்குபடுத்தி நிற்பது ஜெர்மானியப் போலீஸ்.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். முதுகில் செடில் குத்திக் காவடி எடுப்பவர்கள் உண்டு. என் மகள் அதைப் பார்த்துவிட்டு அழத் தொடங்கினாள். "அந்த அங்கிளுக்கு வலிக்கலையா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். "அவருக்கு ஒரு வேண்டுதல் இருக்கு, அதுக்காக வலியைத் தாங்கிக்கிறார்" என்று என் மனைவி சொன்னதை ஏற்றுக்கொண்டாள். எனக்குத்தான் விடை இல்லை.

எங்களுக்குப் பக்கத்தில் ஒரு ஜெர்மானியக் குடும்பம், இரண்டு பிள்ளைகள். வேடிக்கை பார்க்க வந்தவர்கள். அந்த அப்பா என்னிடம், நாங்கள் இப்போது என்ன செய்ய வேண்டும் என்று கேட்டார். என்னைப் பார்த்தால் தெரிந்தவன் மாதிரி இருந்திருக்கும். தமிழ்நாட்டில் பிறந்து, திருவாரூர் தேரைப் பற்றி மணிக்கணக்கில் படித்த எனக்கு அதுவரை ஒரு வடத்தில் கை வைத்துப் பழக்கமில்லை. எங்கள் தெருவில் சாமி புறப்பாடு வந்தால் பால்கனியில் நின்று பார்க்கிறவன் நான்.

வடம் பிடித்திருந்த ஒரு அம்மா திரும்பிப் பார்த்தார். "தம்பி, ஏன் நிண்டு பாக்கிறியள்? பிள்ளையளை முன்னுக்கு விடுங்கோ. வடத்தில கை வைக்கட்டும்." என் மகளும் அந்த இரண்டு ஜெர்மன் பிள்ளைகளும் ஒரே நேரத்தில் கை வைத்தார்கள். பின்னாலேயே பெரியவர்கள் நாங்களும். கொஞ்ச தூரம் போன பிறகுதான் அந்த அம்மா, "நீங்கள் இந்தியாவோ?" என்று கேட்டார். கேட்டது அது ஒன்றுதான்.

இதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. சிவகங்கை மாவட்டம் கண்டதேவியில் பட்டியல் சமூக மக்கள் வடம் பிடிக்கிற உரிமை நீதிமன்றம் வரை போன விவகாரம். பல வருஷம் ஓடாமல் நின்ற அந்தத் தேர் 2024 ஜூனில்தான் மறுபடி ஓடியது. யாழ்ப்பாணத்திலும் மாவிட்டபுரம் கோயிலுக்குள் நுழைய 1968-இல் போராட வேண்டியிருந்தது. ஹம்மில் தெருவுக்குத்தான் அனுமதி வாங்க வேண்டியிருந்தது. நம்மிடம் தெரு தாராளமாக இருக்கிறது. வடத்துக்குத்தான் அனுமதி.

குழந்தைகளோடு போகிறவர்களுக்கு

தம்பிக்கு எழுதியனுப்பியது இதுதான். கார்னிவலுக்கு: துணிப்பை கட்டாயம், ஏதாவது ஒரு வேஷம், உள்ளூர் வாழ்த்து என்ன என்று முன்னாடியே கேட்டுவைத்துக்கொள்ளுங்கள். பெரிய நகரத்தைவிடச் சின்ன ஊர் நல்லது. அங்கே குழந்தை முன்வரிசையில் நிற்கலாம். கைக்குழந்தையின் காதை மூடிவிடுங்கள்.

ஹம் தேருக்கு: தேதி வருஷத்துக்கு வருஷம் மாறும், கோயில் அறிவிப்பைப் பாருங்கள். தண்ணீர், குடை, குழந்தைக்கு ஒரு தொப்பி. தொழிற்பேட்டையில் நிழல் கிடையாது. தள்ளுவண்டி நெரிசலில் நகராது, தூக்கிக்கொள்கிற பட்டை இருந்தால் நல்லது. செடில் காவடி பற்றிப் பையனிடம் போகிற வழியிலேயே பேசிவிடுங்கள். யாராவது "முன்னுக்கு வாங்கோ" என்று கூப்பிட்டால் யோசிக்காமல் போய்விடுங்கள்.

இங்கே திரும்பி வந்த வருஷம், புறப்பாட்டு மேளச் சத்தம் கேட்டதும் மகள்தான் முதலில் படியிறங்கி ஓடினாள். தலைக்கு மேலே மீனம்பாக்கத்தில் இறங்கப் போகிற விமானம் ஒன்று மேளத்தை விழுங்கிக்கொண்டு போனது. நான் செருப்பைக்கூடத் தேடாமல் பின்னாலேயே போனேன்.